இதயத் துடிப்பைச் சேமித்து வைக்க முடியுமா?

இந்தக் கட்டுரையைப் படிக்குமுன் ஒரு சிறு காரியம் செய்யுங்கள். வலது கை விரல்கள் மூன்றை இடது மணிக்கட்டின் மேல், கட்டை விரல் பக்கமாக உள்ள பள்ளத்தில் வைத்து மெல்ல அழுத்துங்கள். கட்டை விரலால் பார்க்க வேண்டாம். அதற்குள்ளும் ஒரு துடிப்பு உண்டு. எது எதன் துடிப்பு என்று குழம்பிப் போவீர்கள். விரல்களுக்கு அடியில் ஏதோ தட்டுகிறதல்லவா? கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டு முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கும் குறுக்கு வழி வேண்டாம். எண்ணும்போது ஒன்று பிசகினால் விடையில் நான்கு பிசகும்.

உங்களுக்கு 72 வந்திருக்கலாம், 85-ம் வந்திருக்கலாம். கணக்குக்காக 72 என்றே வைத்துக் கொள்வோம். அப்படியானால் உங்கள் இதயம் ஒரு நாளில் 1,03,680 தடவை துடிக்கிறது. ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 கோடியே 78 லட்சம். எழுபது ஆண்டு வாழ்பவருக்கு 265 கோடி அளவில் வரும். எண்ணெய் போடாமல், பழுது பார்க்காமல், ஒரு நாள் விடுமுறை கூட இல்லாமல் இத்தனை காலம் ஓடும் யந்திரம் வேறு ஏது?

இந்தக் கணக்கைப் பார்த்ததும் சிலருக்கு ஒரு பயம் வருகிறது. இதயத்துக்கு இத்தனை துடிப்பு என்று ஓர் எல்லை இருக்குமானால், ஓடியும் குதித்தும் அதை வீணாக்குவானேன்? சும்மா உட்கார்ந்திருந்தால் மிச்சமாகுமே! வீட்டில் பெரியவர்கள் சிலர், "ரொம்ப ஓடாதே, நெஞ்சு கெட்டுப் போகும்" என்று சொல்வதன் பின்னாலும் இந்த எண்ணம்தான் இருக்கிறது. கேட்பதற்கு நியாயம் போலவே இருக்கும். விலங்கு உலகத்தைப் பார்த்தால் சான்று கூடக் கிடைப்பது போலத் தோன்றும். சுண்டெலியின் இதயம் நிமிடத்துக்கு 600 தடவை அளவில் துடிக்கிறது. அது இரண்டு மூன்று ஆண்டுகளில் இறந்து விடுகிறது. யானையின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 30 தடவை துடிக்கிறது. அது அறுபது ஆண்டு வாழ்கிறது. பெருக்கிப் பாருங்கள். இரண்டுக்கும் விடை நூறு கோடிக்கு அருகில்தான் வரும்! மனிதன் மட்டும் இந்தக் கணக்கை மீறி இரண்டரை மடங்குக்கும் மேல் போகிறான்.

சரி, அந்தப் பயத்தை அதன் கணக்கைக் கொண்டே சோதித்துப் பார்க்கலாம். நாள்தோறும் ஒரு மணி நேரம் ஓடும் பழக்கமுள்ள ஒருவரை எடுத்துக் கொள்ளுங்கள். ஓடும்போது அவர் இதயம் நிமிடத்துக்கு 150 தடவை துடிக்கிறது. அந்த ஒரு மணிக்கு 9,000 துடிப்பு. ஆனால் பயிற்சியின் பலனாக, ஓய்வாக இருக்கும்போது அவர் நாடி 55-தான். மீதி 23 மணிக்கு 75,900. மொத்தம் 84,900. ஓடாதவருக்கு 1,03,680. ஆக, ஒரு நாளைக்கு 18,780 துடிப்பு மிச்சம்! சிக்கனம்தான் நோக்கம் என்றால் ஓடுபவரே சிக்கனக்காரர்.

இந்தக் கணக்கு வேடிக்கையாக இருக்கிறது என்பதற்காக, துடிப்பு மிச்சமாவதால்தான் உடற்பயிற்சி நல்லது என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். இதயம் என்பது உண்டியல் அல்ல. பயிற்சி செய்தவருக்கு நாடி ஏன் குறைகிறது என்று பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

இதயத்தின் வலது மேலறைச் சுவரில் ஒரு சிறு தசைத் திட்டு இருக்கிறது. 1907-இல் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃப்ளாக் என்ற இரு பிரிட்டன் நாட்டவர்கள் இதைக் கண்டு சொன்னார்கள். இதயத்துக்குத் தாளம் போட்டுக் கொடுப்பது இதுதான். இதைத் தன் போக்கில் விட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 தடவை தாளம் போடும். அப்படியிருக்க உங்கள் நாடி ஏன் 72? மூளையிலிருந்து இறங்கி வரும் வேகஸ் என்ற நரம்பு, சைக்கிள் பிரேக்கைப் போல அதை ஓயாமல் லேசாகப் பிடித்துக் கொண்டே இருக்கிறது. நீங்கள் எழுந்து ஓடத் தொடங்கியதும் இதயத்தை யாரும் முதலில் முடுக்கிவிடுவதில்லை. பிரேக் தளர்கிறது, அவ்வளவுதான். அதற்குப் பிறகே மற்ற நரம்புகளும் அட்ரீனலினும் வந்து சேர்ந்து வேகத்தை மேலும் ஏற்றுகின்றன.

பயிற்சி செய்யச் செய்ய இதயம் சற்றுப் பெரிதாகிறது. ஒவ்வொரு தடவையும் அதிக இரத்தம் நிறைந்து, அதிக இரத்தம் வெளியே போகிறது. ஓய்வில் உடலுக்கு வேண்டியது நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தம். ஒரு துடிப்புக்கு 70 மில்லி லிட்டர் தள்ளும் இதயம் அதற்கு 72 தடவை துடிக்க வேண்டும். 100 மில்லி லிட்டர் தள்ளும் இதயத்துக்கு 50 துடிப்பே போதும். சின்னச் செம்பால் தண்ணீர் இறைப்பவருக்கும் பெரிய குடத்தால் இறைப்பவருக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. தாளத் திட்டும் நாளடைவில் நிதானமாகப் பழகிக் கொள்கிறது. 1991 முதல் 1995 வரை தொடர்ந்து ஐந்து முறை பிரான்ஸ் நாட்டுச் சைக்கிள் பந்தயத்தில் வென்ற மிகுவேல் இந்துரைன் என்ற ஸ்பானிய வீரருக்கு ஓய்வில் நாடி 28 என்று சொல்வார்கள்.

இதைப் படித்ததும் உங்கள் நாடி 28-க்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போடத் தொடங்கியிருந்தால், தயவு செய்து நிறுத்துங்கள். இந்தக் காலத்தில் கைக்கடிகாரமே நாடியைக் காட்டுகிறது. பார்த்துவிட்டு, "எனக்கு 64, உனக்கு 80" என்று மதிப்பெண் பட்டியலைப் போல ஒப்பிடுவது பரவி வருகிறது. இது சரியல்ல என்பதே என் கருத்து. பெரியவர்களுக்கு ஓய்வில் 60 முதல் 100 வரை எதுவும் இயல்புதான். பிறந்த குழந்தைக்கு 120-க்கு மேலும் இருக்கும். பள்ளிப் பருவத்தில் பெரியவர்களை விடச் சற்று அதிகமாக இருப்பது இயற்கை. இதயம் இன்னும் முழு அளவுக்கு வளரவில்லை. காய்ச்சல் அடித்தால் ஏறும். பயந்தால் ஏறும். காப்பி குடித்தால் ஏறும். இரத்தச் சோகை இருந்தாலும் ஏறும். நம் மாணவ மாணவியருக்கு, முக்கியமாக மாணவியருக்கு, இது சாதாரணமாகக் காணும் குறை. அப்படிப்பட்டவருக்கு வேண்டியது ஓட்டம் அல்ல, இரும்புச் சத்து. நாடி குறைவாக இருப்பதும் எப்போதும் பெருமைக்குரியது அல்ல. தைராய்டு சுரப்பி சோம்பிப் போனாலும், இதயத்தின் மின்னோட்டப் பாதையில் தடை ஏற்பட்டாலும் நாடி குறையும். 48 காட்டும் ஓட்டக்காரரும், 48 காட்டித் தலை சுற்றி உட்காரும் தாத்தாவும் ஒன்றல்லவே. நம் நாட்டு வைத்தியர்கள் நாடியை எண்ணவில்லை. அதன் நடையைப் பார்த்தார்கள், அன்னம் போல, ஆமை போல, தவளை போல என்றார்கள். அவர்கள் சொன்ன முடிவுகளை எல்லாம் நான் ஏற்கவில்லை. ஆனால் எண் ஒன்றை மட்டும் வைத்துக் கொண்டு ஆளை எடை போடக் கூடாது என்ற அளவில் அதில் ஒரு விவேகம் இருக்கத்தான் செய்கிறது.

அப்படியானால் நாடி எண்ணால் என்ன பயன்? மற்றவரோடு ஒப்பிட அல்ல. நேற்றைய உங்களோடு இன்றைய உங்களை ஒப்பிட.

அமெரிக்காவில் டல்லஸ் நகரில் 1966-இல் ஒரு சோதனை நடந்தது. நல்ல ஆரோக்கியமுள்ள, இருபது வயதுடைய ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். நோய் ஒன்றும் இல்லை, வெறும் படுக்கைதான். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் அவர்கள் நாடி ஏறியிருந்தது. ஒரு துடிப்புக்கு வெளியேறும் இரத்தம் குறைந்திருந்தது. கடுமையாக உழைக்கும்போது உடல் எடுத்துக் கொள்ளக் கூடிய பிராண வாயு கால் பங்குக்கு மேல் குறைந்து போயிருந்தது. பிறகு எட்டு வாரம் பயிற்சி கொடுத்ததும் இழந்தது எல்லாம் திரும்பி வந்தது. கதை இதோடு முடியவில்லை. முப்பது ஆண்டுக்குப் பின், 1996-இல், அதே ஐந்து பேரையும் தேடிப் பிடித்து மறுபடி சோதித்தார்கள். அப்போது அவர்களுக்கு ஐம்பது வயது. தலை நரைத்து, எடை கூடியிருந்த போதிலும், முப்பது ஆண்டு மூப்பு அவர்கள் உடலுக்குச் செய்த கெடுதல், அன்று மூன்று வாரப் படுக்கை செய்த கெடுதலை விடக் குறைவாகவே இருந்தது! உடற்பயிற்சி ஆபத்து என்று சொல்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்: சும்மா இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. அது ஓசைப்படாமல் வசூலாகிறது, அதனால் கண்ணில் படுவதில்லை.

லண்டன் மாநகரத்து மாடி பஸ்களும் இதற்குச் சாட்சி சொல்லியிருக்கின்றன. டாக்டர் ஜெரி மாரிஸ் என்பவரும் அவருடைய தோழர்களும் அங்குள்ள சுமார் 31,000 போக்குவரத்துத் தொழிலாளர்களின் இதய நோய்க் கணக்கை ஆராய்ந்து 1953-இல் வெளியிட்டார்கள். டிரைவர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பவர். கண்டக்டரோ மாடிக்கும் கீழுக்குமாக நாளைக்கு 600 படி அளவில் ஏறி இறங்குபவர். இருவரும் ஒரே பஸ்ஸில், ஒரே நகரத்தில், ஏறக்குறைய ஒரே சம்பளத்தில் வேலை செய்பவர்கள். ஆனால் இதய நோய் கண்டக்டர்களுக்குக் குறைவாக இருந்தது. வந்தவர்களுக்கும் அவ்வளவு கடுமையாக இல்லை. இங்கே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஒருவேளை, தொடக்கத்திலேயே பருமனாக இருந்தவர்கள்தான் டிரைவர் வேலைக்குப் போனார்களோ? மாரிஸ் குழுவினரும் இந்தக் கேள்வியை விட்டுவிடவில்லை. கம்பெனி தைத்துக் கொடுத்த சீருடைகளின் இடுப்பளவுக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தார்கள்! டிரைவர்களின் கால்சட்டை இளம் வயதிலேயே பெரிதாகத்தான் இருந்தது. அதையும் மறைக்காமல் 1956-இல் அச்சிட்டார்கள். தங்கள் முடிவுக்கு எதிராகப் போகக் கூடிய சான்றைத் தாங்களே தேடிப் போனார்கள் பாருங்கள், அதற்காகவே அவர்களை எனக்குப் பிடிக்கும். பிற்காலத்தில் எத்தனையோ ஆய்வுகள் வந்து, உடல் அளவைக் கழித்துப் பார்த்தாலும் உழைப்பின் பலன் தனியே நிற்கிறது என்று காட்டின.

பயம் சொன்னவர்கள் இந்தக் காலத்தவர் மட்டுமல்லர். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகங்களுக்கிடையே நடக்கும் படகுப் போட்டி இளைஞர்களின் இதயத்தைக் கெடுக்கிறது என்று 1867-இல் ஸ்கே என்ற அறுவை மருத்துவர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். பெரிய சர்ச்சை எழுந்தது. மார்கன் என்ற மற்றொரு டாக்டர், வாதாடிக் கொண்டிருப்பதை விட எண்ணிப் பார்ப்பது மேல் என்று கருதினார். 1829 முதல் 1869 வரை அந்தப் போட்டியில் துடுப்புப் போட்ட 294 பேர்களையும் பற்றி விசாரித்தார். அவர்கள் சராசரிக் கணக்கை விட இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்வார்கள் என்று 1873-இல் முடிவு கூறினார். அவர்கள் வசதியான வீட்டுப் பிள்ளைகள், அதனாலும் ஆயுள் கூடியிருக்கும் என்பதை நாம் மறக்கக் கூடாது. மார்கன் தாமே மாணவப் பருவத்தில் துடுப்புப் போட்டவர் என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள்! ஆனாலும் படகுப் போட்டி அவர்களைக் கொன்றுவிடவில்லை என்பது தெளிவு.

இதுவரை ஒரு பக்கத்தையே சொன்னேன். மறு பக்கமும் உண்டு. அதை மறைப்பவர்கள் மீதும் எனக்கு அதே அளவு வருத்தம்தான்.

ஜிம் ஃபிக்ஸ் என்ற அமெரிக்கர் 1977-இல் ஓட்டத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதைப் படித்துவிட்டு லட்சக்கணக்கானவர்கள் ஓடத் தொடங்கினார்கள். 1984 ஜூலை 20-ஆம் தேதி, வழக்கம் போல ஓடப் போன அவர் சாலையோரத்தில் இறந்து கிடந்தார். வயது 52. இதயத்துக்கு இரத்தம் கொண்டு போகும் குழாய்கள் கொழுப்பால் அடைபட்டிருந்தன. "பார்த்தீர்களா!" என்று உலகமே சொன்னது. ஆனால் அவருடைய தந்தைக்கு 35 வயதிலேயே மாரடைப்பு வந்தது. 43-இல் அவர் இறந்து போனார். ஃபிக்ஸும் 35 வயது வரை நாளைக்கு இரண்டு பாக்கெட் சிகரெட் புகைத்தவர், உடல் பருத்தவர். அதற்குப் பிறகே ஓடத் தொடங்கினார். ஓட்டம் அவரைக் கொன்றதா, அல்லது தந்தையை விட ஒன்பது ஆண்டு கூடுதலாக வாழ வைத்ததா? ஒருவர் கதையை வைத்துக் கொண்டு இதைத் தீர்மானிக்கவே முடியாது.

பலர் கதையைச் சேர்த்துப் பார்த்தால்? அமெரிக்காவில் 21,481 ஆண் டாக்டர்களை 12 ஆண்டு தொடர்ந்து கவனித்து, 2000-ஆம் ஆண்டில் முடிவு வெளியிட்டார்கள். கடுமையாக உடலை உழைக்கும் நேரத்திலும் அதை அடுத்த அரை மணியிலும், திடீர் மரணம் நேரும் வாய்ப்பு மற்ற நேரத்தை விட ஏறக்குறைய 17 மடங்கு என்று தெரிந்தது. பதினேழு மடங்கு! கேட்டாலே நடுங்குகிறதல்லவா? ஆனால் எதனுடைய பதினேழு மடங்கு என்று கேட்க வேண்டாமா? அதே ஆய்வு அதையும் சொல்கிறது. அப்படிப்பட்ட கடும் உழைப்பு 15 லட்சம் தடவை நடந்தால் ஒரு மரணம். மிகச் சிறிய எண்ணைப் பதினேழால் பெருக்கினாலும் சிறிய எண்ணே வரும். செய்திகளில் "இத்தனை மடங்கு" என்று படிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகுங்கள்.

இதைவிட முக்கியமான எண்கள் 1993-இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வில் இருக்கின்றன. மாரடைப்பு வந்து பிழைத்தவர்களிடம், அதற்குமுன் என்ன செய்து கொண்டிருந்தீர்கள் என்று விசாரித்தார்கள். வழக்கமாக உடற்பயிற்சியே இல்லாத ஒருவர் திடீரென்று கடுமையாக உழைத்தால், அந்த வேளையில் அவருக்கு மாரடைப்பு வாய்ப்பு 107 மடங்கு ஏறியது. வாரத்துக்கு ஐந்து தடவை அல்லது அதற்கு மேல் பயிற்சி செய்பவருக்கு அதே உழைப்பால் 2.4 மடங்குதான் ஏறியது. 107 எங்கே, 2.4 எங்கே! உழைப்பு ஒன்றுதான், பழக்கம்தான் வேறு. ஆபத்து பயிற்சியில் இல்லை. பயிற்சி இல்லாமல் திடீரென்று பாய்வதில் இருக்கிறது.

இவை நடுத்தர வயதினரின் எண்கள். உங்களுக்கு அப்படியே பொருந்தா. ஆனாலும் நம் பள்ளிகளில் நடப்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். பரீட்சை நெருங்கினால் முதலில் பறி போவது எது? விளையாட்டு வகுப்பு. கணக்கு ஆசிரியரோ அறிவியல் ஆசிரியரோ வந்து அதைக் "கடன்" வாங்கிக் கொள்வார். அந்தக் கடன் ஒரு நாளும் திரும்பி வருவதில்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்றால் கேட்கவே வேண்டாம். ஆண்டு முழுதும் இப்படிப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, விளையாட்டு விழா என்று ஒரு நாள் வரும். வெயில் ஏறிய மைதானத்தில், "ஓடு 1,500 மீட்டர்" என்பார்கள். உடல் தயாராகவும் நேரமில்லை, வெயிலுக்குப் பழகவும் நேரமில்லை. இந்த வழக்கத்தைத்தான் நான் எதிர்க்கிறேன். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குச் சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரம் மூச்சு வாங்கும்படியான விளையாட்டு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நாளுக்கு ஒரு மணி என்பது வாரத்துக்கு இரண்டு வகுப்பாகச் சுருங்கி, அதுவும் கடனில் போய்விடுகிறது. விழாவை நிறுத்துவது இதற்குத் தீர்வு ஆகாது. விழாவுக்கு முந்தைய முந்நூறு நாட்களைத் திருப்பிக் கொடுப்பதே தீர்வு.

இளம் வயதில் வேறு ஒரு வகை ஆபத்தும் உண்டு. மிக அரிதானது, ஆனால் வந்தால் உயிரையே கேட்கும். பிறவியிலேயே சிலருக்கு இதயத் தசை அளவுக்கு மீறித் தடித்திருக்கும். சிலருக்கு இதயத்தின் மின்னோட்டத்தில் கோளாறு இருக்கும். இவை பெரும்பாலும் குடும்பத்தில் வழிவழியாக வருபவை. ஓய்வில் நாடி பார்த்தால் ஒன்றும் தெரியாது. 65, 70 என்று சமர்த்தாக ஓடிக் கொண்டிருக்கும். 2003 ஜூன் 26-இல் பிரான்ஸ் நாட்டு லியோன் நகரில் கொலம்பியாவுக்கு எதிராகக் கால்பந்து ஆடிக் கொண்டிருந்த காமரூன் வீரர் மார்க் விவியன் ஃபோ மைதானத்தில் சரிந்து விழுந்து இறந்தார். வயது 28. உலகத் தரத்தில் ஆடிய அவருடைய இதயத் தசை தடித்திருந்தது என்று பின்னர் தெரிந்தது.

இதைத் தடுக்க எல்லா விளையாட்டு வீரர்களுக்கும் ஈ.ஸி.ஜி. எடுத்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். இத்தாலியில் 1982 முதல் சட்டப்படி அப்படித்தான் செய்கிறார்கள். அந்நாட்டின் வெனிட்டோ பகுதியில், இளம் வீரர்களின் திடீர் மரணம் ஆண்டுக்கு லட்சத்துக்கு 3.6 என்பதிலிருந்து 0.4-க்கு இறங்கியது. ஆனால் இஸ்ரேலும் 1997-இல் இதே போலச் சட்டம் செய்தது. அங்கே குறிப்பிடத்தக்க மாறுதல் ஒன்றும் தெரியவில்லை. டாக்டர்கள் இன்னும் இரண்டு கட்சியாக நின்று வாதாடுகிறார்கள். இலட்சக்கணக்கான மாணவர்களுக்கு ஈ.ஸி.ஜி. எடுத்தால், ஒன்றுமில்லாத பலரைப் பயமுறுத்தி, ஓடியாட விடாமல் வீட்டில் உட்கார வைத்துவிடவும் கூடும். நான் அதைக் கேட்கவில்லை. செலவே இல்லாத ஒன்றைக் கேட்கிறேன். போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போது மூன்று கேள்விகளைப் பள்ளியில் கேட்கட்டும். ஓடும்போதோ விளையாடும்போதோ எப்போதாவது மயங்கி விழுந்தது உண்டா? அப்போது நெஞ்சு வலித்தது உண்டா? நெருங்கிய உறவினர் யாராவது இளம் வயதில் காரணம் தெரியாமல் திடீரென்று இறந்தது உண்டா? ஒன்றுக்கு "ஆம்" என்று பதில் வந்தாலும், ஓட விடுவதற்கு முன் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

முதல் கேள்வியை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காலை வழிபாட்டில் நெடுநேரம் நின்று மயங்கி விழுவது பலருக்கும் நேர்வது. காலில் இரத்தம் தேங்குவதால் வருவது. படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தால் சரியாகிவிடும். ஓடிக் கொண்டிருக்கும்போதே, ஓட்டத்தின் நடுவில், விழுவது வேறு விஷயம். "காலையில் சாப்பிடாமல் வந்திருப்பான்", "வெயில் தாங்கவில்லை" என்று சொல்லி, சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் அதுவாகவே இருக்கலாம். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். உங்கள் நண்பனோ தோழியோ அப்படி விழுந்ததைப் பார்த்திருந்தால், "வீட்டில் சொல்லாதே, அடுத்த தடவை ஓட விடமாட்டார்கள்" என்று அவர்கள் கெஞ்சினாலும் கேட்காதீர்கள். சொல்லிவிடுங்கள்.

விழுந்தவர் அசைவற்று, கூப்பிட்டால் பதில் இல்லாமல், மூச்சும் சரியாக இல்லாமல் கிடந்தால் காத்திருக்க நேரமே இல்லை. சிகிச்சையில்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பைப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைக்கிறது. ஒருவர் 108-க்குப் பேச, மற்றவர் உடனே மார்பின் நடுவில் இரு கைகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து அழுத்தத் தொடங்க வேண்டும். பெரியவர் என்றால் 5 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழம். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. நின்று போன இதயத்தின் வேலையை அந்த நேரத்தில் உங்கள் கைகள் செய்கின்றன. 2021 ஜூன் 12-இல் கோபன்ஹேகனில் டென்மார்க் ஆட்டக்காரர் கிறிஸ்டியன் எரிக்சன் இதே போல மைதானத்தில் விழுந்தார். உடனே மார்பை அழுத்தினார்கள். மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி பக்கத்திலேயே இருந்தது. அவர் பிழைத்தார். எட்டு மாதம் கழித்து, மார்பில் பொருத்திய சிறு கருவியோடு, மறுபடி கால்பந்து ஆடவும் வந்துவிட்டார். ஃபோவுக்கும் எரிக்சனுக்கும் இடையில் கழிந்த 18 ஆண்டுகளில் மனித இதயம் மாறிவிடவில்லை. மைதானத்தில் செய்திருந்த ஏற்பாடு மாறியிருந்தது. மார்பை அழுத்தும் முறையைக் கற்றுக் கொள்ள ஒரு பிற்பகல் போதும். எட்டாம் வகுப்புக்கு மேல் உள்ள யாரும் கற்கலாம். என்.சி.சி., சாரணர் படை உள்ள பள்ளிகளில் கேட்டுப் பாருங்கள்.

இனி உங்களுக்கு ஒரு வேலை. நாளை காலை கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழுமுன் நாடியை எண்ணி ஒரு நோட்டில் குறியுங்கள். ஒரு வாரம் இப்படிச் செய்தால் உங்களுக்கு இயல்பான எண் கிடைத்துவிடும். பிறகு நாள்தோறும் அரை மணி நேரம் வேகமாக நடக்கவோ, மெதுவாக ஓடவோ தொடங்குங்கள். முதல் வாரம், ஓடிக் கொண்டே பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிகிற வேகம் போதும். "220-லிருந்து வயதைக் கழித்தால் உன் இதயத்தின் உச்ச வேகம்" என்று யாராவது சூத்திரம் சொன்னால் அதை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். அது பத்துப் பன்னிரண்டு துடிப்பு இப்படியும் அப்படியும் போகும் தோராயக் கணக்கு. ஓடி நின்றவுடன் ஒரு தடவை 15 விநாடி எண்ணுங்கள். ஒரு நிமிடம் கழித்து இன்னொரு தடவை 15 விநாடி எண்ணுங்கள். இங்கே மட்டும் நான்கால் பெருக்கும் குறுக்கு வழிக்கு அனுமதி உண்டு, ஏனென்றால் நாடி வேகமாக இறங்கிக் கொண்டிருக்கும். முழு நிமிடம் எண்ணினால் எதையும் அளக்க முடியாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், வேகஸ் நரம்பு எவ்வளவு சுறுசுறுப்பாகப் பிரேக் போடுகிறது என்பதைக் காட்டும். எட்டு வாரம் எழுதி வந்து, வரைபடத் தாளில் இரண்டு கோடுகளையும் போட்டுப் பாருங்கள். நடுவில் ஒரு வாரம் பரீட்சைக்காக ஓட்டத்தை நிறுத்தியிருந்தால், அதுவும் அந்தக் கோட்டில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அந்தத் தாளை உங்கள் தலைமை ஆசிரியரிடம் காட்டுங்கள்.